அசல் நிற்க வேண்டுமா, பணம் உழைக்க வேண்டுமா? தொண்டு அமைப்புகளுக்கான நிதி வழிகள்: ஓர் ஒப்பீடு

பார்வையற்றோருக்காக நூல்களை ஒலிப்பதிவு செய்து தரும் ஒரு சிறிய அமைப்பில் ஆறு வருஷம் பொருளாளராக இருந்தேன். பொறுப்பேற்ற முதல் வாரம் பழைய கோப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது பழுப்பேறிய ஒரு கடிதம் கையில் கிடைத்தது. ஒரே பக்கம், நீல மை, அழுத்தி எழுதிய கையெழுத்து. கணவர் நினைவாக ஒரு தொகை தருவதாகவும், அசலை எக்காலத்திலும் தொடக்கூடாது என்றும், வரும் வட்டியில் ஒலிநாடா மட்டுமே வாங்க வேண்டும் என்றும் ஓர் அம்மா எழுதியிருந்தார். 'மட்டுமே' என்ற சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். நான் அதைப் படித்தபோது ஒலிநாடா கடைகளிலிருந்து மறைந்து பல வருஷம் ஆகியிருந்தது. வங்கியில் அந்தப் பணம் வட்டியும் முதலுமாக வளர்ந்துகொண்டிருந்தது. பக்கத்து அறையில் ஒலிப்பதிவுக் கணினி பழுதாகி, மாற்றப் பணமில்லாமல் மூன்று மாதமாகப் பதிவு வேலை நின்றுபோயிருந்தது.

அந்த அம்மாமேல் எந்தத் தவறும் இல்லை. மனமாரக் கொடுத்தார், யோசித்துத்தான் கொடுத்தார். வாங்கிக்கொண்டவர்கள்தான் அன்றைக்கே ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும்: "ஒலிநாடா வழக்கொழிந்து போனால் இந்த வட்டியை என்ன செய்யலாம், அம்மா?" அதற்கு ஒரு வரி பதிலைக் கடிதத்திலேயே சேர்த்து வாங்கியிருந்தால் போதும்.

திட்டமிட்ட கொடை (உயில் போன்ற வழிகளில் முன்கூட்டியே ஏற்பாடு செய்துவைப்பது), மூலநிதி (அசலை வைத்துக்கொண்டு அதன் வருமானத்தைச் செலவழிப்பது) என்று பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்தக் கடிதம்தான் நினைவுக்கு வரும். "என் காலத்துக்கு அப்புறம் உங்களுக்கு ஏதாவது போய்ச் சேரணும், எப்படிச் செய்யட்டும்?" என்று ஒருவர் கேட்டால் பெரும்பாலான அமைப்புகளிடம் தயாராகப் பதில் இருப்பதில்லை. பதில் சொல்ல முடியாததற்குக் காரணம், அந்த ஒரு கேள்விக்குள் இரண்டு முடிவுகள் அடங்கியிருக்கின்றன. பணம் எந்த வழியாக வர வேண்டும் என்பது ஒன்று. வந்த பணத்தை எந்த மாதிரி நிதியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். எனக்கு இரண்டாவதுதான் முக்கியமாகப் படுகிறது, ஆகையால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எந்த மாதிரி நிதி?

வழக்கத்தில் மூன்று வகை இருக்கின்றன. முதலாவது நிரந்தர மூலநிதி. கணக்காளர்கள் கார்ப்பஸ் என்பார்கள். கொடையாளரே 'அசலைத் தொடாதே' என்று நிபந்தனை போட்டுத் தருவது. இரண்டாவது, நிர்வாகக் குழு தானே தீர்மானம் போட்டு ஒதுக்கிவைக்கும் நிதி. பார்ப்பதற்கு மூலநிதி மாதிரியே இருக்கும், ஆனால் அதே குழு இன்னொரு தீர்மானம் போட்டால் அசலையும் எடுக்கலாம். மூன்றாவது, இத்தனை வருஷத்துக்குள் அசலும் வட்டியும் முழுக்கச் செலவாகிவிட வேண்டும் என்று கெடு வைத்த நிதி.

நிரந்தர நிதி என்ற எண்ணம் மிகப் பழையது. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலில் நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிக்க 96 ஆடுகள் கொடுத்த செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. ஆடுகளைப் பொறுப்பேற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு வைத்த பெயர் 'சாவா மூவாப் பேராடு'. சாகாது, மூப்படையாது. தனித்தனி ஆடு சாகும்தான், ஆனால் மந்தையின் எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது பொறுப்பேற்றவரின் கடமை. அசல், வருமானம், பராமரிப்பவர், செலவு என ஒரு மூலநிதிக்கு வேண்டிய எல்லாமே அந்த மூன்று சொற்களுக்குள் இருக்கின்றன. பணத்தைவிட அதில் ஒரு வசதியும் இருந்தது. விலைவாசி ஏறினாலும் ஆடு நெய் கொடுக்கும்.

பணத்துக்கு அந்த வசதி இல்லை. விலைவாசி வருஷத்துக்கு 6 சதவீதம் ஏறினால், வங்கியில் அப்படியே கிடக்கும் அசலின் மதிப்பு 12 வருஷத்தில் பாதியாகிவிடும். கணக்குப் புத்தகத்தில் எண் மட்டும் குறையாது. 'அசலைத் தொடவே இல்லை' என்று பொதுக்குழுவில் பெருமையாகச் சொல்லும் பல அமைப்புகள், வந்த வட்டி முழுவதையும் செலவழித்ததால் உண்மையில் அசலைக் கரைத்துவிட்டிருக்கின்றன. ஆண்டறிக்கையில் அது எங்கேயும் தெரியாது. வட்டியில் ஒரு பகுதியை அசலோடு சேர்த்தால்தான் மந்தையின் எண்ணிக்கை குறையாமல் இருக்கும்.

நோபல் பரிசு நிதியின் கதையை இதற்காகவே எடுத்துப் பார்க்கலாம். ஆல்ஃபிரட் நோபல் 1895 நவம்பர் 27ஆம் தேதி உயிலில் கையெழுத்திட்டார். பணத்தைப் பாதுகாப்பான பத்திரங்களில் போட வேண்டும் என்பது அவர் விருப்பம். அன்றைய பொருளில் அது கடன்பத்திரங்கள் போன்றவற்றையே குறித்தது. முதல் பரிசுகள் 1901இல் வழங்கப்பட்டன. அதன் பிறகு விலைவாசியும் வரியும் சேர்ந்து பரிசின் உண்மை மதிப்பை அரித்தன. 1953இல்தான் பங்குகளிலும் தாராளமாக முதலீடு செய்ய அனுமதி கிடைத்தது. பரிசுத்தொகை 1901ஆம் வருஷ மதிப்பை மறுபடி எட்டியது 1991இல். இடையில் 90 வருஷம்! அப்புறமும் 2012இல், நிதியின் நீண்ட கால நலனுக்காகப் பரிசை 1 கோடி ஸ்வீடிஷ் குரோனரிலிருந்து 80 லட்சமாகக் குறைத்தார்கள். அவ்வளவு புகழும் திறமையும் உள்ள இடத்துக்கே நிரந்தரம் என்பது இத்தனை பாடுபட வைத்திருக்கிறது என்றால், பகுதிநேரக் கணக்காளர் ஒருவரை வைத்து ஓட்டும் அமைப்பு அந்த வார்த்தையைக் கொடுக்குமுன் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும்.

அடுத்தது அளவு. மூலநிதியிலிருந்து வருஷத்துக்கு எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு 4 முதல் 5 சதவீதம் என்ற கணக்கையே பல நாடுகளில் பின்பற்றுகிறார்கள். 4 சதவீதம் என்று வையுங்கள். வேண்டிய தொகையைப் போல 25 மடங்கு அசல் வேண்டும். வருஷச் செலவு 20 லட்சமாக உள்ள ஓர் அமைப்பு, அதில் கால்பங்கான 5 லட்சத்தை மூலநிதியிலிருந்து எடுக்க நினைத்தால், 1 கோடியே 25 லட்சம் சேர்க்க வேண்டும். ஆறு வருஷத்துக்கும் மேலான மொத்தச் செலவு அது. அந்தத் தொகையைத் திரட்டும் உழைப்பில் எத்தனை பேருக்கு இன்றைக்கே உதவியிருக்கலாம் என்ற கேள்வி நியாயமானது. அந்தக் கேள்வியை அதன் முழு வலுவோடு கேட்டவர்களும் இருக்கிறார்கள்.

அவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஜூலியஸ் ரோசன்வால்ட். அமெரிக்கத் தொழிலதிபர். அந்நாட்டின் தென்மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்ட உதவினார். அவர் தூண்டுதலில் 5,000 அளவில் பள்ளிகள் எழுந்தன. 1917இல் நிதி ஒன்றைத் தொடங்கிய அவர், தான் இறந்து 25 வருஷத்துக்குள் அது முழுக்கச் செலவாகிவிட வேண்டும் என்று நிபந்தனை வைத்தார். 1932இல் இறந்தார். 1948இலேயே நிதி தன் கணக்கை முடித்துக்கொண்டது. பிற்காலத்தின் தேவைகளைப் பிற்காலத்துப் பணக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள், இந்தத் தலைமுறையின் குறையை இந்தத் தலைமுறை தீர்க்கட்டும் என்பது அவர் வாதம். அதே வழியில் அமெரிக்கத் தொழிலதிபர் சக் ஃபீனியின் அட்லாண்டிக் ஃபிலாந்த்ரபீஸ் என்ற அறக்கட்டளை 800 கோடி டாலர் கொடுத்துவிட்டு 2020இல் மூடப்பட்டது. கேட்ஸ் அறக்கட்டளையும் 2045 முடிவில் மூடிவிடப்போவதாக 2025இல் அறிவித்திருக்கிறது.

சரி, அப்படியானால் எல்லாரும் கெடு வைத்துச் செலவழித்துவிடலாமா? அதற்கும் நான் உடன்பட மாட்டேன். தீர்ந்துபோகக்கூடிய பிரச்சினைக்குக் கெடு வைத்த நிதி பொருந்தும். பள்ளிக் கட்டடம், ஒரு நோய்க்கான தடுப்பூசி, வெள்ளத்துக்குப் பிறகான மறுவாழ்வு போன்றவை அப்படி. தீராத வேலைகளும் உண்டு. நூலகம், ஆவணக் காப்பகம், முதியோர் பராமரிப்பு, ஆண்டுதோறும் பத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி. இந்த வேலைகளுக்கு அடுத்த வருஷம் பணம் வருமா என்ற பயமே பெரிய எதிரி. அவற்றுக்கு நிரந்தர நிதிதான் பொருத்தம்.

இடையில் இருக்கிற இரண்டாவது வகையைத்தான் பெரும்பாலான சிறு, நடுத்தர அமைப்புகளுக்கு நான் பரிந்துரைப்பேன். நிர்வாகக் குழு ஒதுக்கும் நிதியில் எச்சரிக்கையும் உண்டு, நெகிழ்வும் உண்டு. நிபந்தனையில்லாமல் வரும் உயில் கொடைகளை அன்றாடச் செலவில் கரைத்துவிடாமல் இதில் சேர்க்கலாம். பத்து வருஷம் நன்றாக நடத்திப் பழகிய பிறகு, 'இனி நிரந்தரமாகவும் ஏற்றுக்கொள்கிறோம்' என்று கொடையாளர்களிடம் சொல்லலாம். இதில் ஒரே ஓர் ஆபத்து இருக்கிறது: பணக்கஷ்டம் வந்தால் குழுவின் கை முதலில் இதைத்தான் தேடும். அதனால் எடுக்க மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும், எடுத்ததைத் திரும்ப வைக்கும் திட்டம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று விதி செய்துகொள்வது நல்லது.

இந்த மூன்றுக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. ஆறு மாதச் செலவுக்கான கையிருப்பு. அது இல்லாமல் மூலநிதி தொடங்கிய அமைப்பு, எங்கள் ஒலிப்பதிவு அறை மாதிரிதான் ஆகும். வங்கியில் பணம் இருக்கும், கணினி வாங்க முடியாது.

பணம் எந்த வழியில் வரும்?

வழிகள் பல. உயில், ஆயுள் காப்பீடு, ஆயுள் முழுக்க ஆண்டுத்தொகை தரும் ஒப்பந்தம், டிரஸ்ட், பலருடைய கொடைகளைச் சேர்த்து நிர்வகிக்கும் இடைநிலை நிதியமைப்பு வழியாகத் தருவது. இவற்றில் உயில் ஒன்றிலேயே நான் அதிக நேரம் நிற்கப்போகிறேன். மற்றவற்றுக்கு அவ்வளவு தேவை இல்லை.

உயில் கொடைக்குக் கொடையாளர் இன்றைக்கு ஒரு காசும் எடுத்து வைக்க வேண்டாம். மனம் மாறினால் மாற்றி எழுதலாம். அதனால்தான் வாழ்நாளில் பெரிய தொகை கொடுக்க இயலாதவர்களும் உயிலில் பெரிதாகக் கொடுக்கிறார்கள். பிரிட்டனில் கடலில் தத்தளிப்பவர்களை மீட்கும் ஆர்.என்.எல்.ஐ. என்ற அமைப்பு, தன் படகுகள் பத்து முறை கடலில் இறங்கினால் அதில் ஆறு முறை உயில் கொடைகளால்தான் சாத்தியமாகிறது என்கிறது. புயலில் இறங்கும் ஒரு படகுக்குப் பின்னால், எப்போதோ மறைந்துபோன ஒருவரின் ஒரு வரி இருக்கிறது.

கேட்பதற்குத்தான் தயக்கம். சாவைப் பற்றிப் பேசுவதாக ஆகிவிடுமோ என்று அமைப்புகள் வாயே திறப்பதில்லை. 2013இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் சோதனை இந்த இடத்தில் மிகவும் உதவும். தொலைபேசியில் உயில் எழுத உதவும் ஒரு நிறுவனம் வாடிக்கையாளர்களை மூன்று பிரிவாகப் பிரித்தது. எதுவும் கேட்காத பிரிவில் 5 சதவீதம் பேர் தொண்டுக்கு எழுதிவைத்தார்கள். 'தொண்டு அமைப்புக்கு ஏதாவது விட்டுச்செல்ல விரும்புகிறீர்களா?' என்று கேட்ட பிரிவில் இது 10 சதவீதத்தைத் தாண்டியது. 'எங்களிடம் வருபவர்களில் பலர் இப்படிச் செய்கிறார்கள், உங்கள் மனதுக்கு நெருக்கமான காரியம் ஏதாவது உண்டா?' என்று கேட்டபோது 15 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. ஒரு வாக்கியம்தான் வித்தியாசம்.

உயிலிலும் வகை உண்டு. 'இன்ன தொகை' என்று எழுதுவது எளிது, ஆனால் இருபது வருஷம் கழித்து அந்தத் தொகை தேய்ந்திருக்கும். 'சொத்தில் இத்தனை சதவீதம்' அல்லது 'மற்றவர்களுக்குக் கொடுத்தது போக மிச்சத்தில் இத்தனை பங்கு' என்று எழுதினால் சொத்து வளரும்போது கொடையும் வளரும். அமைப்பின் பக்கம் நின்று பார்த்தால் பங்குமுறைதான் சிறந்தது. கொடையாளருக்கும் அது நல்லது, ஏனென்றால் கடைசிக் காலத்தில் மருத்துவச் செலவில் சொத்து குறைந்துபோனால் பிள்ளைகளின் பங்கைக் கொடை முழுதாக விழுங்கிவிடாது. வாரிசு இல்லாமல் போனால் மட்டும் வரும்படியும் எழுதலாம். ஜேம்ஸ் ஸ்மித்சன் என்ற ஆங்கில விஞ்ஞானி 1826இல் அப்படித்தான் எழுதினார். சொத்து சகோதரரின் மகனுக்கு, அவருக்கு வாரிசு இல்லாவிட்டால் அமெரிக்காவுக்கு, அறிவைப் பெருக்கவும் பரப்பவும். சகோதரரின் மகன் வாரிசின்றி 1835இல் இறந்தார். 1838இல் 5 லட்சம் டாலருக்கு மேல் தங்கமாகப் போய்ச் சேர்ந்தது. அந்தப் பணத்தின் பெரும்பகுதியை அரசு ஆர்கன்சா மாநிலக் கடன்பத்திரங்களில் போட, மாநிலம் பணத்தைத் திருப்பித் தரவில்லை. அமெரிக்க நாடாளுமன்றம் இழப்பை ஈடுகட்டியதால்தான் 1846இல் ஸ்மித்சோனியன் நிறுவனம் பிறந்தது. எல்லா அமைப்புக்கும் அப்படி ஈடுகட்ட ஒரு நாடாளுமன்றம் கிடைக்காது. ஒரே இடத்தில் பணத்தைக் கொட்டாமல் இருப்பதுதான் வழி.

உயிலைப் பற்றி இன்னும் ஒன்று. அமைப்பின் பதிவுப் பெயரும் பதிவு எண்ணும் உயிலில் சரியாக இருக்க வேண்டும். நோபலின் உயில் வழக்கறிஞர் உதவியில்லாமல் எழுதப்பட்டது. அப்போது இல்லவே இல்லாத ஒரு நிதிக்கு அவர் சொத்தை எழுதினார். உறவினர்கள் எதிர்த்தார்கள். அவர் 1896இல் இறந்து முதல் பரிசு வழங்கும்வரை ஐந்து வருஷம் ஓடிவிட்டது. உங்கள் அமைப்பின் பெயரில் 'சங்கம்' இருக்கிறதா, 'மன்றம்' இருக்கிறதா என்று கொடையாளர் யூகிக்க வேண்டிய நிலை வரக்கூடாது. இணையதளத்தில் நகலெடுத்துக்கொள்ளும்படி ஒரு மாதிரி வாசகம் போட்டுவையுங்கள். செலவே இல்லாத வேலை இது.

ஆயுள் காப்பீட்டிலும் ஓய்வுக்கால சேமிப்பிலும் அமைப்பைப் பயனாளியாக எழுதுவது உயிலைவிட எளிது. ஒரு படிவம், ஒரு கையெழுத்து. ஆனால் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். சில இடங்களில் நாமினி என்பவர் பணத்தைப் பெற்று வாரிசுகளிடம் ஒப்படைக்க வேண்டியவர் மட்டுமே, உரிமையாளர் அல்ல. அப்படிப்பட்ட இடத்தில் படிவத்தோடு உயிலிலும் எழுதினால்தான் பணம் வந்து சேரும்.

ஆண்டுத்தொகை ஒப்பந்தம் அமெரிக்காவில் பிரபலமானது. கொடையாளர் ஒரு தொகையை இப்போதே கொடுத்துவிடுவார். அமைப்பு அவர் உயிருள்ளவரை வருஷாவருஷம் ஒரு தொகை கொடுக்கும். அவருக்குப் பிறகு மிச்சம் அமைப்புக்கு. அங்கே 1843இலேயே பைபிள் சங்கம் ஒன்று இதைத் தொடங்கியதாகச் சொல்வார்கள். வருமானம் தேவைப்படும் முதியவருக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் வாக்கு கொடுப்பது அமைப்பு. கொடையாளர் 98 வயதுவரை வாழ்ந்தால் அதுவரை கொடுத்தாக வேண்டும், சந்தை சரிந்தாலும் கொடுத்தாக வேண்டும். இருநூறு பேரிடம் ஒப்பந்தம் இருந்தால் ஒருவர் நீண்ட காலம் வாழ்வதும் இன்னொருவர் சீக்கிரம் போவதும் சமமாகிவிடும். நான்கு பேரிடம் மட்டும் இருந்தால் அது வெறும் பந்தயம். ஒருவர் நீண்ட நாள் வாழ்வது அமைப்புக்கு நஷ்டம் என்ற நிலைமையே எனக்குச் சங்கடமாக இருக்கிறது. சிறிய அமைப்புகள் இதில் இறங்க வேண்டாம்.

ஆயுள்வரை வருமானம் கொடையாளருக்கு, மிச்சம் தொண்டுக்கு என்று அமையும் டிரஸ்டுகளில் இந்த அபாயத்தில் பெரும்பகுதி அமைப்பின் தலையில் விழாது. ஆனால் வழக்கறிஞர், வரி ஆலோசகர், வருஷாந்தரக் கணக்கு என்று செலவு பிடிக்கும். பெரிய சொத்துக்கு மட்டுமே கட்டுப்படியாகும். கொடையாளரே தன் ஆலோசகரோடு வந்தால் வரவேற்கலாம். நாமாகக் கடைவிரிக்கத் தேவையில்லை.

வீட்டை எழுதிவைப்பது தனி விஷயம். வாழும் காலம்வரை அவரே குடியிருப்பார், பிறகு அமைப்புக்கு. கேட்க இனிக்கும். பத்திரம் சுத்தமா, கடன் உண்டா, உள்ளே வேறு யாராவது குடியிருக்கிறார்களா, பிள்ளைகளுக்குத் தெரியுமா? கடைசிக் கேள்விதான் முதலில் கேட்க வேண்டியது. எதை வாங்குவோம், எதை மறுப்போம் என்று ஒரு பக்கக் கொள்கை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால், நல்ல மனிதர் ஒருவரிடம் 'வேண்டாம்' என்று சொல்வது கொஞ்சம் எளிதாகும். இல்லாவிட்டால் அந்தப் பொறுப்பு செயலாளரின் தலையில் விடிந்து, அவர் தர்மசங்கடத்தில் 'சரி' என்று சொல்லிவிடுவார்.

யார் பார்த்துக்கொள்வது?

நிதி சேர்ந்த பிறகு அதை நாமே முதலீடு செய்வதா, வேறோர் அமைப்பிடம் ஒப்படைப்பதா? 1914இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஃபிரெடரிக் கோஃப் என்ற வங்கியாளர் முதல் சமுதாய அறக்கட்டளையைத் தொடங்கினார். இறந்தவர்களின் கை வாழ்கிறவர்களின் தேவையைக் கட்டிப்போடுகிறது என்பதுதான் அவரை உறுத்திய விஷயம். பலருடைய நிதிகளை ஒன்றாக முதலீடு செய்து, மூல நோக்கம் காலாவதியானால் உள்ளூர்க் குழு ஒன்று அதற்கு நெருங்கிய நோக்கத்துக்கு மாற்றலாம் என்று ஏற்பாடு செய்தார். இந்த மாதிரி பிற நாடுகளுக்கும் பரவியிருக்கிறது. கொஞ்சம் கட்டணம் எடுத்துக்கொள்வார்கள். பதிலாகக் கணக்கு, தணிக்கை, முதலீட்டு அறிவு எல்லாம் கிடைக்கும். முதலீட்டைப் புரிந்தவர் ஒருவர்கூடக் குழுவில் இல்லை என்றால் ஒப்படைப்பதே மேல். ஆனால் ஒப்பந்தத்தில் ஒன்றைக் கவனியுங்கள்: பணம் இன்னும் உங்களுடையதா, அல்லது கொடுத்த நாளிலிருந்து அவர்களுடையதாகி உங்களுக்கு வருமானம் மட்டும் வருமா? இரண்டும் நடைமுறையில் இருக்கின்றன. இரண்டாவது வகையில் திரும்பக் கேட்க முடியாது.

எடுக்கும் விதி

நிதி எந்த வகையாக இருந்தாலும் எடுப்பதற்கு ஒரு விதி வேண்டும், அது நல்ல காலத்திலேயே எழுதப்பட வேண்டும். நிதியில் 100 இருந்து சந்தை சரிந்து 75 ஆகிவிட்டால், அந்த வருஷ மதிப்பில் 4 சதவீதம் எடுக்கும் அமைப்பின் வருமானம் 4லிருந்து 3ஆக விழும். கால்பங்கு போய்விடும், அதுவும் உதவி அதிகம் தேவைப்படும் நேரத்தில். கடைசி மூன்று வருஷச் சராசரியில் 4 சதவீதம் என்று வைத்திருந்தால் சுமார் 3.67 கிடைக்கும். யேல் பல்கலைக்கழகம் இன்னும் ஒருபடி மேலே போய், போன வருஷம் செலவழித்த தொகையை விலைவாசிக்கேற்பச் சரிசெய்து அதற்கு 80 சதவீத எடையும், நிதியின் மதிப்புக்கு 20 சதவீத எடையும் கொடுக்கும் விதியைப் பின்பற்றியது. சிறிய அமைப்புக்கு மூன்று வருஷச் சராசரியே போதும். 2008-09 சரிவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் முதலீடுகளே ஒரே வருஷத்தில் 27 சதவீதம் விழுந்தன. இது யாருக்கும் நடக்கலாம்.

என் தேர்வு

நண்பர் ஒருவரின் அமைப்புக்கு ஆலோசனை சொல்ல வேண்டியிருந்தால் இந்த வரிசையில் சொல்வேன். முதலில் ஆறு மாதக் கையிருப்பு. கையிருப்பு சேரும்போதே உயில் கொடை கேட்கத் தொடங்குங்கள், ஏனென்றால் அதன் பலன் வரப் பத்து, இருபது வருஷம் ஆகும். நிபந்தனையில்லாமல் வருவதைக் குழு ஒதுக்கும் நிதியில் போடுங்கள். வேலை தீரக்கூடியது என்றால் கெடு வையுங்கள். தீராதது என்றால், விதிகளும் ஆட்களும் தயாரான பிறகு நிரந்தர நிதிக்குப் போங்கள். ஆண்டுத்தொகை ஒப்பந்தங்களைப் பெரிய அமைப்புகளுக்கு விட்டுவிடுங்கள். இருபது பேர் வேலை பார்க்கும், பொருளாளரும் தணிக்கையாளரும் நிலையாக உள்ள அமைப்பு என்றால் நிரந்தர நிதியையும் ஆண்டுத்தொகை ஒப்பந்தத்தையும் தைரியமாக முன்னால் நகர்த்தலாம்.

நோக்கத்தை எழுதும் விதத்தில் மட்டும் எந்த அமைப்பும் விட்டுக்கொடுக்கக்கூடாது. அமெரிக்க அரசியல் தலைவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1790இல் இறந்தபோது பாஸ்டன், பிலடெல்பியா நகரங்களுக்கு ஆளுக்கு 1,000 பவுண்டு விட்டுச்சென்றார். தொழில் பழகி முடித்த இளம் கைவினைஞர்களுக்குக் கடன் கொடுக்க வேண்டும், 200 வருஷம் கழித்து மிச்சத்தைப் பகிர வேண்டும் என்பது ஏற்பாடு. 1990 வாக்கில் பாஸ்டனில் 40 லட்சம் டாலருக்கு மேலும், பிலடெல்பியாவில் 20 லட்சம் டாலர் அளவிலும் சேர்ந்திருந்தது. ஆனால் ஆசானிடம் வருஷக்கணக்கில் தங்கித் தொழில் கற்கும் முறை பாதி வழியிலேயே மறைந்துபோய், அவர் நினைத்த மாதிரிக் கடனாளிகள் கிடைப்பதே அரிதானது. அவ்வளவு தொலைநோக்குள்ள மனிதருக்கே அப்படி.

அதனால் ஒவ்வொரு கொடைக் கடிதத்திலும் இப்படி ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: 'மேற்கண்ட நோக்கத்துக்குச் செலவிடுவது இயலாமலோ பொருத்தமற்றோ போனால், நிர்வாகக் குழு இதற்கு மிக நெருங்கிய வேறொரு நோக்கத்துக்கு இந்த நிதியைப் பயன்படுத்தலாம்.' உங்கள் நாட்டுச் சட்டத்துக்குப் பொருந்துகிறதா என்று வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

எங்கள் கடிதத்தில் அந்த வரி இல்லாததால் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. பதினான்கு மாதம் ஆயிற்று. நடுவில் அந்த அம்மாவின் மகளைத் தேடிக் கண்டுபிடித்தோம். கடிதத்தின் நகலை வாங்கிப் பார்த்தவர் அடிக்கோடு போட்ட இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அம்மாவுக்கு நாடா முக்கியமில்லை, கேட்கிறவங்கதான் முக்கியம். மாத்திக்குங்க, நான் கையெழுத்துப் போடுறேன்" என்றார். ஒன்று மட்டும் கேட்டார்: அந்தப் பணத்தில் பதிவாகும் ஒவ்வொரு நூலின் தொடக்கத்திலும் அப்பாவின் பெயரைச் சொல்ல வேண்டும். புதுக் கணினியில் பதிவான முதல் நூலிலிருந்து சொல்லிவருகிறோம்.